நின்ன வண்டியில் கியர் விழலைன்னா, கியர்பாக்ஸ் இறக்குறதுக்கு முன்னாடி

கேள்வி இதுதான்: ஒன்பது வருஷமான டீசல் ஹேட்ச்பேக், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கு. எட்டு மாசத்துக்கு முன்னாடி கிளட்ச் செட் மாத்தியாச்சு. தினமும் திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூர் போய் வர்ற வண்டி. காலையில் கியர் பரவாயில்லை. காந்திபுரம் சிக்னல்ல நின்னு நின்னு நகர்ந்ததுக்கப்புறம் ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் விழ மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கறகறன்னு சத்தம் வருது. ஓட்டத்துல மூணு, நாலு, அஞ்சு சுலபமா விழுது. வொர்க்‌ஷாப்ல "சிங்க்ரோ போச்சுங்க, பாக்ஸ் இறக்கணும்"னு சொல்றாங்க. இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீங்க. சிங்க்ரோங்கறது கியர் மாத்தும்போது வேகத்தை ஒத்துப் போக வைக்கிற வளையம். அது தேஞ்சா வண்டி ஓடும்போதுதான் தெரியும், அதுவும் ஒரு குறிப்பிட்ட கியர்ல. நின்ன இடத்துல ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் சேர்ந்து அடம் பிடிக்கிறது, அதுவும் சூடானதுக்கப்புறம்னா, முதல் சந்தேகம் கிளட்ச் முழுசா கட் ஆகலைங்கறதுதான். பெடலை அடிவரைக்கும் மிதிச்சாலும் இன்ஜின் கியர்பாக்ஸோட உள் ஷாஃப்டைக் கொஞ்சம் சுத்திட்டே இருக்கு. சுத்துற ஷாஃப்ட்ல நிக்கிற கியரைக் கோக்கப் பாத்தா அது எதிர்க்கத்தான் செய்யும்.

இதை உறுதி பண்ண ஸ்பேனரே வேண்டாம். வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைச்சுட்டு, கிளட்சை மிதிச்சு ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு கியர் பல்லுக்குப் பல் முட்டி நிக்கலாம். கிளட்சை விட்டு மறுபடி மிதிச்சாலோ, வண்டியை ஒரு சாண் நகர்த்தினாலோ விழுந்துடும். அதைக் கோளாறாக் கணக்குல எடுக்காதீங்க. எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுதுன்னா, இன்ஜினை ஓட விட்டு அதையே திரும்பப் பண்ணுங்க. அணைச்சப்போ சுலபம், ஓடும்போது கஷ்டம்னா கிளட்ச் பக்கம் போங்க. ரெண்டு நிலையிலயும் கஷ்டம்னா லிவர், கேபிள், ஆயில், பாக்ஸ் உள்பக்கம். பாதி வேலை இங்கேயே முடிஞ்சுது.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. வண்டி நல்லா சூடானப்புறம், ஐட்லிங்ல, நியூட்ரல்ல, கிளட்ச்ல இருந்து காலை எடுத்து வைங்க. அப்புறம் அடிவரைக்கும் மிதிச்சு அப்படியே அஞ்சு விநாடி பிடிச்சு, ரிவர்ஸ் போடுங்க. மிதிச்ச உடனே போட்டா லேசாக் கறகறன்னு வரும், ஏன்னா கிளட்ச் டிஸ்க்கும் உள் ஷாஃப்டும் வேகம் அடங்க ரெண்டு மூணு விநாடி ஆகும். பல வண்டிகள்ல ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. அஞ்சு விநாடி கழிச்சும் சத்தம் வருதுன்னா கிளட்ச் கட் ஆகலை. ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உள்ள வண்டின்னா சத்தம் வராது, கை இறுக்கம் மட்டும் தெரியும்.

இன்னொண்ணு: முன்னாடி இருபது அடி காலியா இருக்கிற சமதளத்துல ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்சை முழுசா மிதிச்சபடியே ஹேண்ட் பிரேக்கை விடுங்க, வலது கால் பிரேக் மேல அழுத்தாம தயாரா இருக்கட்டும். வண்டி தானா முன்னாடி ஊர்ந்தா சந்தேகமே வேண்டாம். உடனே ஊரலைன்னாலும் ஒரு நிமிஷம் மிதிச்சே பிடிங்க. அரை நிமிஷத்துக்கப்புறம் ஊர ஆரம்பிச்சா, ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுற (ஹைட்ராலிக்) கிளட்ச்ல பெடலோட சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ள சீல் கசிஞ்சு அழுத்தம் பின்னாடி போகுதுன்னு அர்த்தம். வெளியில ஒரு சொட்டு கூடச் சிந்தாது, அதனாலதான் இது பல பேர் கண்ணுல படறதில்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கலாம். கிளட்ச் "ஸ்லிப்" ஆகுறதும் "கட் ஆகாம" இருக்கிறதும் நேர் எதிர். மேட்டுல ஆர்.பி.எம். ஏறுது, வேகம் ஏறலைன்னா ஸ்லிப்; அதுக்குக் கியர் இறுக்கம் வராது. அதே மாதிரி பெடல் கனமா இருக்கிறதையும் லிவர் இறுக்கமா இருக்கிறதையும் ரெண்டையுமே "டைட்டா இருக்கு"ன்னுதான் சொல்றோம். மெக்கானிக்கிட்ட எது டைட்னு பிரிச்சுச் சொல்லுங்க. பெடல் கனம்னா பிரஷர் பிளேட் (டிஸ்க்கை இன்ஜினோட சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்தோட அழுத்திப் பிடிக்கிற தட்டு), காஞ்சு போன ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது அந்தத் தட்டை விலக்குற பேரிங்) குழாய், பிரிஞ்ச கேபிள், இந்தப் பக்கம் தேடணும்.

கிளட்ச் கட் ஆகலைன்னா தேடலைப் பெடல்ல இருந்து ஆரம்பிங்க. பெடல் சுமார் 13–15 செ.மீ. கீழே போனா, கடைசியில பிரஷர் பிளேட் விலகுறது 1.5–2 மி.மீ. அளவுதான். அதனால பெடல்ல ஒரு செ.மீ. வீணாப் போனாலே அங்க டிஸ்க் உரச ஆரம்பிச்சுடும். முதல்ல பெடலுக்கு அடியில மேட்டைப் பாருங்க. தடிமனான மேட் ரெண்டு அடுக்காப் போட்டிருந்தா பெடல் அடிவரைக்கும் போகாது. சிரிப்பா இருக்கலாம், ஆனா இதைப் பாக்காமலே பாக்ஸ் இறக்கின வண்டிகள் உண்டு. அடுத்தது பெடல் மேல்பக்கம் புஷ் தேஞ்சு ஆட்டம் இருக்கா, புஷ் ராடு பின் மாட்டுற ஓட்டை நீளமா ஆயிடுச்சான்னு கையால ஆட்டிப் பாருங்க. பெடலோட சும்மா ஆட்டம், அதாவது பாரம் தெரியுறதுக்கு முன்னாடி போற தூரம், பெரும்பாலான சின்னக் கார்கள்ல 10–25 மி.மீ.க்குள்ள இருக்கும், உங்க வண்டிக் கையேட்டுல இருக்கிற அளவே சரி. கிளட்ச் பிடிக்கிற இடம் பெடலோட நடுவாக்குல இருக்கணும். தரையை ஒட்டிப் பிடிச்சா, கட் ஆக இடமே மிச்சமில்லைன்னு வெச்சுக்கங்க.

பழைய மாருதி 800, ஆல்டோ மாதிரி வண்டிகள்ல கேபிள். பானட் திறந்து, பாக்ஸ் மேல இருக்கிற ரிலீஸ் கைகிட்ட அட்ஜஸ்ட் நட் இருக்கும். கேபிள் நீண்டிருந்தா நட்டை முடுக்கி ஆட்டத்தைச் சரி பண்ணலாம். ஆனா முடுக்கி முடுக்கி நட் மரையோட கடைசிக்கே வந்துட்டா, கேபிள் உள்கம்பி ஒவ்வொண்ணா அறுந்துட்டு வருதுன்னு அர்த்தம். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள்ள நிறுத்துற வண்டின்னா எலி கடிச்ச தடம் இருக்கான்னும் பாருங்க. ஆட்டமே இல்லாம இழுத்து முடுக்குறதும் தப்பு. ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுத்தி வெந்து போகும்.

உங்களுது ஹைட்ராலிக்கா இருந்தா (பெடல்ல இருந்து கேபிளுக்குப் பதிலா ஆயில் குழாய் போகும்), நான் அதிகம் சந்தேகப்படுறது இங்கதான். சூடானா மோசம், காலையில பரவாயில்லைங்கறது இதோட பொருந்துது. பழைய பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டுல அதுல ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழை மிதிச்சா குமிழ்தான் நசுங்கும், பிஸ்டன் நகராது. சூட்டுல சீல் ரப்பரும் இளகி அழுத்தத்தை விட்டுடும். சோதிக்கிறது சுலபம்: கியர் விழாத நேரத்துல கிளட்சை நாலு தடவை வேகமா மிதிச்சு விட்டு, அஞ்சாவது மிதியில கியர் போடுங்க. அப்போ விழுந்துட்டா ஹைட்ராலிக்ல காத்து இருக்கு, இல்லை சீல் போயிருக்கு. பாக்ஸ் மேல பழி போடவே முடியாது.

ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்க. பல கார்கள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போற வாய் கொஞ்சம் மேல இருக்கும், அளவு குறைஞ்சா முதல்ல கிளட்ச் கெடணும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கணும்னு. அதனால கிளட்ச் கெட்டதை பிரேக்கோட முன்னெச்சரிக்கையாவும் எடுத்துக்கங்க; அளவு குறைஞ்சிருந்தா எங்க போச்சுன்னு கண்டுபிடிக்காம ஊத்தி மூடிடாதீங்க. ஆயில் தேன் நிறத்துல இருக்கணும். டிகாஷன் மாதிரி கறுப்பா இருந்தா உள்ள ரப்பர் தேஞ்சு கலந்திருக்கு. அப்புறம் உள்ள உக்காந்து பெடலுக்கு மேல, புஷ் ராடு சுவத்துக்குள்ள போற இடத்துல விரல் விட்டுத் தொடுங்க. பிசுபிசுன்னு ஈரம் பட்டா மாஸ்டர் சிலிண்டர் போச்சு. கீழே, பாக்ஸ் பக்கவாட்டுல ஸ்லேவ் சிலிண்டர் (மாஸ்டர் அனுப்புற அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுற பாகம்) வெளியில இருக்கிற வண்டின்னா அதோட ரப்பர் மூடியை லேசாத் தூக்குங்க. உள்ள ஆயில் நனைஞ்சிருந்தா ஸ்லேவ் போச்சு. சில வண்டிகள்ல ஸ்லேவ், ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல உள்ளயே இருக்கும். அப்போ பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) அடியில ஆயில் கசிவு தெரியுதான்னு பாருங்க. அது தெரிஞ்சா பாக்ஸ் இறக்குறதைத் தவிர வேற வழியில்லை.

கசிவு எதுவும் இல்லைன்னா முதல்ல காத்தை எடுத்து ஆயிலை மாத்துங்க. டப்பா மூடியில எழுதியிருக்கிற தரம், பெரும்பாலும் டாட் 3 இல்லைன்னா டாட் 4, புதுசா உடைச்ச அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு போதும். எப்பவோ திறந்து வெச்ச பாட்டில் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடிச்சிருக்கும். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு போனாலும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிடும். ஸ்லேவ்ல இருக்கிற நிப்பிள்ல (காத்து வெளியேத்துற திருகு) ரிங் ஸ்பேனரை மாட்டி, மேல ஒளி புகுற டியூபைச் சொருகி, டியூபோட மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள்ள முங்கி இருக்கட்டும். உள்ள ஒருத்தர் மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும். கீழே இருக்கிறவர் நிப்பிளைக் கால் சுத்து திறந்து, குமிழும் கறுப்பு ஆயிலும் வெளியேறினதும் மூடணும். மூடினதுக்கப்புறம்தான் பெடலை விடணும். வரிசை மாறினா காத்து உள்ள ஏறிடும். படபடன்னு மிதிச்சா ஆயில் நுரைச்சுக் குமிழ் வெளியே வராது. பத்துப் பதினஞ்சு தடவையில தெளிஞ்ச ஆயில் வரும். மேல டப்பா காலியாகாம நடுநடுவுல ஊத்திட்டே இருக்கணும். பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. இதுக்கப்புறம் ரெண்டு நாள் நல்லா இருந்து திரும்பவும் வந்தா காத்து எங்கேயோ நுழையுது. மாஸ்டர், ஸ்லேவ் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசோட முழு அழுத்தம் பழசு மேல விழும், அதுவும் சீக்கிரம் போயிடும்.

இப்போ முடிவு சொல்ற அளவு ஒண்ணு. ஸ்லேவ் வெளியில இருக்கிற வண்டின்னா, ஒருத்தர் பெடலை முழுசா மிதிக்க, நீங்க ஒரு ஸ்கேல் வெச்சு ஸ்லேவ் புஷ் ராடு எத்தனை மி.மீ. நகருதுன்னு அளந்து கையேட்டுல இருக்கிறதோட ஒப்பிடுங்க. குறைவா நகர்ந்தா கோளாறு ஹைட்ராலிக்ல. முழுசா நகர்ந்தும் வண்டி ஊர்ந்தா கோளாறு பெல் ஹவுசிங் உள்ள. பாக்ஸ் இறக்கச் சொல்றவங்ககிட்ட இந்த அளவைக் கேளுங்க.

உள்ளதான்னு ஆச்சுன்னா, எட்டு மாசம் முன்னாடி மாத்தின கிளட்ச் செட்டை எப்படிப் பூட்டினாங்கங்கறது முக்கியம். பூட்டும்போது பாக்ஸோட எடையை ஜாக் தாங்காம, உள் ஷாஃப்ட் முனையில டிஸ்க் மேல தொங்க விட்டுட்டா டிஸ்க் வளைஞ்சுடும். பெடலை மிதிச்சாலும் வளைஞ்ச விளிம்பு உரசிட்டே இருக்கும். பல கையேடுகள்ல டிஸ்க் கோணலுக்கான எல்லை ஒரு மி.மீ.க்கும் கீழே; டயல் கேஜ் வெச்சாத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ல டயல் கேஜ் இல்லாத லேத் பட்டறை அபூர்வம், பாக்கச் சொல்லிக் கேளுங்க. டிஸ்க்கைப் பக்கம் மாத்திப் போடுறது, பிரஷர் பிளேட் போல்ட்டைச் சுத்தி வராம ஒரே பக்கமா முடுக்குறது, இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற டவல் பின்னை (ரெண்டையும் நேரா உக்கார வைக்கிற முளை) தொலைச்சுட்டு போல்ட்டை மட்டும் நம்பி மாட்டுறது, இதெல்லாம் அதே விளைவைத் தரும். ஷாஃப்ட் ஸ்ப்லைன் (டிஸ்க் வழுக்கி நகர்ற வரிப் பல்) காஞ்சு துருப்பிடிச்சிருந்தா டிஸ்க் பின்னாடி நகராம ஒட்டிக்கும். கிரீஸ் அதிகமாப் பூசினா தெறிச்சு டிஸ்க்ல பட்டுத் திணறும். மெல்லிசா ஒரு பூச்சு போதும்.

ஃப்ளைவீலை லேத்ல கொடுத்து மட்டம் பண்ணியிருந்தாங்களான்னும் கேளுங்க. படி வெச்ச மாதிரி ஃப்ளைவீல்னா, டிஸ்க் படுற பரப்பு, பிரஷர் பிளேட் உக்காரும் பரப்பு ரெண்டையும் ஒரே அளவு வெட்டணும். ஒண்ணை மட்டும் வெட்டினா கிளட்சோட அழுத்தக் கணக்கே மாறிடும். டீசல் கார் சிலதுல இருக்கிற டூயல் மாஸ் ஃப்ளைவீலை (ரெண்டு பாகமா, நடுவுல ஸ்பிரிங் வெச்சது) சாதாரண ஃப்ளைவீல் மாதிரி லேத்ல வெட்டவே கூடாது. இன்னோவா, பொலேரோ மாதிரி பின்சக்கர வண்டிகள்ல ஃப்ளைவீல் நடுவுல இருக்கிற சின்ன பைலட் பேரிங் இறுகினாலும், டிஸ்க் நல்லா விலகியும் ஷாஃப்ட் சுத்திட்டே இருக்கும். கிளட்ச் மாத்துறவங்க இதை விரலால சுத்திப் பாக்காம விட்டுடுறது உண்டு. மாசக்கணக்கா மழையில நின்ன வண்டின்னா டிஸ்க் ஃப்ளைவீல்ல துருவோட ஒட்டியிருக்கலாம். அதுக்குப் பெரும்பாலும் பாகம் எதுவும் தேவைப்படாது, ஒட்டினதை விடுவிச்சாலே போதும்.

இன்ஜின் அணைச்சப்பவும் இறுக்கம்னா கதை வேற. பாக்ஸ் மேல வந்து சேர்ற ரெண்டு கியர் கேபிளையும் அங்கேயே கழட்டிட்டு, பாக்ஸ் மேல இருக்கிற கையை நேரா விரலால அசைச்சுப் பாருங்க. அது சுலபமா அசைஞ்சா கேபிளோ, உள்ள லிவர் அடியில இருக்கிற பிளாஸ்டிக் புஷ்ஷோதான். பந்து முனை சாக்கெட் காஞ்சு போயிருந்தா ஒரு துளி கிரீஸ்ல சரியாகும். கேபிள் உறைக்குள்ள தண்ணி போயிருந்தா மாத்துறதுதான் வழி, எண்ணெய் விடறது ஒரு வாரத்துக்குத்தான் நிக்கும். அதோட இன்ஜின் மவுண்ட்டையும் பாருங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒருத்தர் கிளட்சை லேசா விடும்போது இன்ஜின் ஒரு விரல் கனத்துக்கு மேல சாய்ஞ்சு எழுந்தா மவுண்ட் ரப்பர் உக்காந்துருக்கு. கேபிள் நீளம் மாறிக் கியர் இறுகும்.

கியர் ஆயிலைப் பத்தி தனியாச் சொல்லணும், ஏன்னா இங்க நம்ம பக்கத்துல நடக்கிற தப்பு ஒண்ணு உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரி ஊருங்க. ஆயில் கடையில லாரி கிரவுனுக்கு (பின் அச்சுப் பல்சக்கரம்) விக்கிற 85டபிள்யூ-140 ஜிஎல்-5 ஆயில் எப்பவும் கைக்குக் கிடைக்கும். அதையே கார் பாக்ஸ்லயும் ஊத்திடுறாங்க. கார் மேனுவல் பாக்ஸுக்குப் பெரும்பாலும் கேட்கிறது 75டபிள்யூ-80 இல்லைன்னா 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். சிங்க்ரோ வளையம் வேலை செய்யுறது உரசலால. ரெண்டு கூம்பு ஒண்ணோட ஒண்ணு உரசி வேகம் ஒத்துப் போனதும்தான் கியர் உள்ள போக வழி விடும். ஆயில் ரொம்பக் கெட்டியா இருந்தா கூம்புக்கு நடுவுல இருக்கிற படலம் சீக்கிரம் விலகாது. ஜிஎல்-5ல அதிக அழுத்தத்துக்காகச் சேர்க்கிற கந்தக ரசாயனம் சில வகையில பித்தளை வளையத்தையே அரிக்கும். வால்பாறையில குளிர்ந்த காலையில ரெண்டாவது கியர் மட்டும் முதல் ரெண்டு மூணு கி.மீ. இறுகி, அப்புறம் சரியாகுதுன்னா இந்தக் கெட்டி ஆயில்தான் முதல் சந்தேகம். சில பாக்ஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இல்லைன்னா கம்பெனியோட தனி ஆயில் கேட்கும். கையேடு பாக்காம ஊத்தாதீங்க.

மாத்தும்போது முதல்ல மேல் பிளக்கைத் திறங்க, அது திறக்குதுன்னு உறுதியானப்புறம்தான் கீழ் பிளக்கு. மேல் பிளக்கு இறுகிக்கிட்டு, ஆயிலை வடிச்சு நிக்கிற வண்டி பெரிய தலைவலி. சின்னக் கார்ல பொதுவா ரெண்டு லிட்டர் அளவு போகும். சமதளத்துல மேல் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சா போதும். கீழ் பிளக்குல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது இயல்பு. ஆயிலுக்குள்ள மஞ்சள் மினுமினுப்பு இருந்தா சிங்க்ரோ வளையம் தேயுது. இரும்புத் துண்டு, ஊசி மாதிரி சில்லு வந்தா பேரிங் இல்லைன்னா பல். அப்போ பாக்ஸைத் திறந்தே ஆகணும்.

வொர்க்‌ஷாப் சொன்ன சிங்க்ரோவையும் சோதிச்சுடலாம். காங்கேயம்–தாராபுரம் மாதிரி காலியான ரோட்டுல மூணாவதுல 30 கி.மீ. வேகத்துக்கு வந்து ரெண்டுக்கு இறக்குங்க. கரகரன்னு தடை வந்தா, அடுத்த தடவை இரட்டைக் கிளட்ச் போடுங்க: கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டர்ல ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதிச்சு ரெண்டு. இப்போ சத்தமில்லாம விழுந்துட்டா ரெண்டாவது சிங்க்ரோ தேஞ்சுருக்கு, ஏன்னா அது பண்ண வேண்டிய வேலையை உங்க கால் பண்ணிடுச்சு. இரட்டைக் கிளட்ச்லயும் மாற்றமே இல்லை, எல்லாக் கியரும் ஒரே மாதிரி இறுக்கம்னா சிங்க்ரோ மேல சந்தேகப்பட வேண்டாம். ஒரு கியர் மட்டும் எந்த வேகத்துலயும் முழுசாப் போகாம நடுவுல நின்னா ஷிஃப்ட் ஃபோர்க் (பாக்ஸுக்குள்ள கியரைக் கோக்கத் தள்ளுற கவை) வளைஞ்சிருக்கலாம். லிவர் மேல எப்பவும் கையை வெச்சே ஓட்டுற பழக்கம் இருந்தா அதை விட்டுடுங்க. அந்தப் பாரம் நேரா ஃபோர்க் மேலதான் விழுது.

உங்க வண்டிக்கு இந்த வரிசையில போங்க: மேட், பெடல் ஆட்டம், ஆயில் அளவும் நிறமும், நாலு தடவை மிதிச்சுப் பாக்குறது, காத்து எடுத்து ஆயில் மாத்துறது, ராடு அளவு. சனிக்கிழமை ஒரு மதியம் போதும். இதுல எதுலயும் பிடிபடலைன்னா பாக்ஸ் இறக்கச் சொல்லுங்க; இறக்கினா ரிலீஸ் பேரிங்கை வெச்சுக்காம புதுசு போடுங்க, கழட்டின டிஸ்க்கை உங்க கண்ணால பாத்து வாங்கிட்டு வாங்க.

அதுவரைக்கும் வால்பாறையோட நாப்பது கொண்டை ஊசிக்கோ, திம்பத்தோட இருபத்தேழுக்கோ இந்த வண்டியில போகாதீங்க. இறக்கத்துல கியரைக் குறைக்க முடியாம நியூட்ரல்ல மாட்டினா பிரேக் மட்டும்தான் மிச்சம், அது சூடாகித் தளர்ந்துடும். சமதள ரோட்டுல நடுவழியில கிளட்ச் முழுசா விட்டுட்டா, இன்ஜினை அணைச்சு, ஃபர்ஸ்ட் போட்டு, முன்னாடி இடம் காலியா இருக்கான்னு பாத்துட்டு அப்படியே சாவியைத் திருப்புங்க; வண்டி குலுங்கி நகரும். ஆனா கிளட்ச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்னு சுவிட்ச் வெச்ச வண்டின்னா பெடலை மிதிச்சே ஸ்டார்ட் பண்ணணும், அப்பவும் வண்டி முன்னாடி பாயும். ஃபர்ஸ்ட்லயே ஓரமாப் போய், நிக்கணும்னா பிரேக்கை மிதிச்சு இன்ஜினை அணைச்சு நிறுத்துங்க. பக்கத்துல இருக்கிற பட்டறை வரைக்கும் அது போதும்.